சாவியை எப்போது கீழே வைப்பது? லைசென்ஸ் சொல்லாத கதை



சென்ற செப்டம்பரில் நம் பேஸ்மென்ட்டில் 14-ம் எண் தூணின் ஓரம் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதச் செயற்குழுக் குறிப்பில் அதற்குக் காரணம் ‘அடையாளம் தெரியாத டெலிவரி வண்டி’ என்று எழுதப்பட்டது. அந்த வண்டியை உள்ளே விட்டதற்காகப் பகல் ஷிஃப்ட் காவலாளித் தம்பிக்குக் கண்டிப்பும் கிடைத்தது.

அது டெலிவரி வண்டி இல்லை. என்னுடைய கார்தான்.

எனக்கு வயது 68. வங்கியில் 36 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். கார் ஓட்டத் தொடங்கியும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இதுவரை ஒரு அபராதச் சீட்டுகூட வாங்கியதில்லை. அன்று காலை வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்து முன்போல முழுதாகத் திரும்புவதில்லை என்பதால் இடுப்போடு சேர்த்து உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். பிரேக் என்று நினைத்து அழுத்தினேன். வண்டி நிற்காமல் பாய்ந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அழுத்தினேன். தூண்தான் என்னை நிறுத்தியது.

ஐந்து நிமிடம் முன்புவரை ஒரு குழந்தை மூன்று சக்கர சைக்கிளில் அதே தூணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். இட்லி ஆறிப்போகிறது என்று அவள் அம்மா கூப்பிட்டதால் மேலே போயிருந்தாள். அந்த மூலையில் கேமரா பழுதாகிக் கிடந்தது. நசுங்கிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். யாரிடமும், என் மனைவியிடம்கூட, சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. மருத்துவச் சான்றுக்குப் போன இடத்தில் டாக்டர் தலை நிமிர்ந்து பார்த்தார். “நடந்துதானே வந்தீங்க சார்?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். புது அட்டை வந்தது. இன்னும் ஐந்து ஆண்டுகள் நான் கார் ஓட்டலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. இந்த அட்டை உண்மையில் எதைச் சான்றளிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? உட்கார்ந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

ரசீதாகப் பிறந்த அட்டை

மோட்டார் காரை உருவாக்கிய கார்ல் பென்ஸ், ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் தன் வண்டியை ஓட்டிப் பார்க்க 1888-ல் அதிகாரிகளிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கினார். உலகின் முதல் லைசென்ஸ் என்று அதைச் சொல்வதுண்டு. அது ஓட்டும் திறமைக்கான சான்று அல்ல, வீதியில் ஓட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி மட்டுமே. ஓட்டத் தெரிகிறதா என்று பார்த்துச் சான்று தரும் வழக்கத்தை 1893-ல் பாரிஸ் போலீஸ் தொடங்கியது.

பிரிட்டனில் 1903-ம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி 1904 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் கட்டாயமானது. 17 வயது நிரம்பியவர் உள்ளூர்க் கவுன்சிலில் ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். பரீட்சை எதுவும் கிடையாது. விபத்து நடந்தால் ஓட்டியவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் நோக்கம். எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால் அது சான்றிதழ் இல்லை, பணம் கட்டிய ரசீது.

1930-ல் வந்த சட்டம், விண்ணப்பிப்பவர் தன் உடல்நிலை பற்றித் தானே உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்றது. அதே சட்டம் கார்களுக்கான வேக வரம்பையும் எடுத்துவிட்டது. 1934-ல் ஒரே ஆண்டில் 7,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். அதன் பிறகே 1935 ஜூன் 1 முதல் ஓட்டுநர் தேர்வு கட்டாயமானது. 25 கஜ தூரத்தில் உள்ள நம்பர் பிளேட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற கண் பரிசோதனையும் அதில் உண்டு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். 1934 ஏப்ரல் 1-க்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்குத் தேர்வு கிடையாது. ஒரு தலைமுறையே ஒரு பரீட்சையும் எழுதாமல் முதுமை வரை ஓட்டியது. புதிதாக வருகிறவரைத்தான் சட்டம் சந்தேகப்பட்டது, ஏற்கெனவே உள்ளே இருப்பவரை நம்பிவிட்டது. இந்த மனப்போக்கு இன்றும் பெரிதாக மாறவில்லை.

1976 முதல் பிரிட்டனில் லைசென்ஸ் 70 வயது வரை செல்லும். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, தான் நலமாக இருப்பதாக அவரவரே எழுதிக் கொடுத்துப் புதுப்பித்துக்கொள்ளலாம். அப்படி ஓட்டியவர்களில் ஒருவர் எலிசபெத் அரசியின் கணவர் இளவரசர் பிலிப். 2019 ஜனவரியில் சாண்ட்ரிங்காம் அரண்மனைக்கு அருகே பக்கச் சாலையிலிருந்து பெரிய சாலைக்குள் வந்தபோது அவருடைய லேண்ட் ரோவர் இன்னொரு காருடன் மோதிக் கவிழ்ந்தது. அவருக்கு அப்போது வயது 97. அந்தக் காரில் இரண்டு பெண்களும் ஒன்பது மாதக் குழந்தையும் இருந்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தாழ்வாக இருந்த சூரியன் கண்ணைக் கூசச் செய்ததால் எதிர் வண்டியைக் காணவில்லை என்று காயம்பட்டவருக்கு அவர் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் தானாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

கார் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற தேவை அவருக்கு இல்லை. டிரைவர்களுக்கும் குறைவில்லை. அவருக்கே 97 வயது வரை சாவியைக் கீழே வைக்க மனம் வரவில்லை என்றால், நம்மைப் பற்றி என்ன சொல்வது!

நம் ஊர்ச் சட்டம்

இந்தியா முழுமைக்குமான மோட்டார் வாகனச் சட்டம் முதலில் 1914-ல் வந்தது. பிறகு 1939-ல் ஒன்று. இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ம் ஆண்டுச் சட்டம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சொந்த வாகன லைசென்ஸின் கணக்கு இதுதான்: 30 வயதுக்குள் வாங்கினால் 40 வயது வரை செல்லும். 30-க்கு மேல் 50-க்குள் என்றால் 10 ஆண்டுகள். 50-க்கு மேல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகள். 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-யில் டாக்டர் கையெழுத்து வாங்க வேண்டும். இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற மேல்வரம்பு சட்டத்தில் இல்லை.

நம் படிவத்திலும் அந்த நம்பர் பிளேட் கேள்வி இருக்கிறது: 25 மீட்டர் தூரத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா? பிரிட்டனின் 25 கஜம் நமக்கு 25 மீட்டர் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு இன்றும் அந்த நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சிறுத்து, லென்ஸ் மஞ்சளடிக்கிறது. 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் உள்ளே விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. எதிர் வண்டியின் ஹெட்லைட் பட்டபின் பார்வை தெளிய அதிக நேரம் பிடிக்கிறது. பகலில் நின்றுகொண்டிருக்கும் நம்பர் பிளேட்டைப் படிப்பதும், மழை பெய்யும் இரவில் ஒரே சமயம் சிக்னலையும் இடதுபக்கம் நுழையும் பைக்கையும் நடுவில் ஓடிவரும் நாயையும் கவனிப்பதும் ஒன்றா?

கணக்குப் போட்டும் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போகிறது. சுதாரித்துக்கொள்ள அரை விநாடி கூடுதலாக எடுத்தால் 7 மீட்டர் கூடுதல். நம் பேஸ்மென்ட்டில் ஒரு காரின் பின்னே இன்னொன்றை நிறுத்தினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும்.

நான் செய்த தவறுக்கு அமெரிக்காவில் ஒரு பயங்கர உதாரணம் இருக்கிறது. 2003 ஜூலை 16 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில், வாராந்திர உழவர் சந்தைக்காக மூடியிருந்த தெருவுக்குள் 86 வயதுக்காரர் ஒருவரின் கார் புகுந்து கடைகளின் ஊடே பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள், 63 பேர் காயமடைந்தார்கள். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார் என்பது அவர் தரப்பு வாதம். 2006-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. உடல்நிலை காரணமாகச் சிறைக்கு அனுப்பவில்லை.

இந்தத் தவறு நடக்கும் விதத்தை ஆராய்ந்தவர்கள் சொல்வது என் அனுபவத்தோடு அப்படியே பொருந்துகிறது. உடம்பைத் திருப்பும்போது கால் இடம் மாறிவிடுகிறது. ஆனால் மூளை, கால் பிரேக்கில்தான் இருக்கிறது என்று நம்புகிறது. வண்டி பாய்ந்ததும் பிரேக் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்துகிறோம். கிளட்ச் உள்ள வண்டியில் இடது கால் பழக்கத்தில் கிளட்சை மிதித்துக் காப்பாற்றிவிடலாம். கால் வலிக்கு நல்லது என்று நாம் வாங்கும் ஆட்டோமேட்டிக் வண்டியில் அந்தக் காவல் இல்லை.

ஜப்பான் கற்ற பாடம்

முதியவர் அதிகமுள்ள ஜப்பான் இந்தக் கேள்வியை நம்மைவிட முன்பே சந்தித்தது. 1997-ல் 75 வயதைக் கடந்தவர்கள் காரில் ஒட்டிக்கொள்ள ஒரு இலை அடையாளம் கொண்டுவந்தார்கள். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த அதைப் பார்த்தால் உதிரப்போகும் சருகு போலிருக்கிறது என்று பெரியவர்கள் மனம் நொந்தார்கள். 2011-ல் அதை நான்கு இலைகள் கொண்ட வண்ண அடையாளமாக மாற்றினார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் முதியவரிடம் பேசும்போது மரியாதை எவ்வளவு முக்கியம் என்று அந்த அரசாங்கம் கற்றுக்கொண்டது.

1998-ல் லைசென்ஸைத் தானாகத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. கொடுத்தவர்களுக்குப் பிறகு ஒரு சான்று அட்டையும் தந்தார்கள். அது அடையாள அட்டையாகச் செல்லும். பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ், டாக்ஸி கட்டணத்தில் சலுகை உண்டு. 2009 முதல் 75 வயதானவர்கள் புதுப்பிக்கும்போது ஞாபகசக்தி, கவனம் ஆகியவற்றுக்கான பரிசோதனை கட்டாயமானது.

இத்தனை இருந்தும், 2019 ஏப்ரல் 19 அன்று டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயதான முன்னாள் உயர் அதிகாரி ஒருவர் ஓட்டிய கார், சைக்கிளில் சாலையைக் கடந்த ஓர் இளம் தாயையும் அவருடைய மூன்று வயது மகளையும் மோதிக் கொன்றது. வண்டியில்தான் கோளாறு என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்து, 2021-ல் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இதைப் படித்தபோது அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வண்டி பாய்ந்த அந்த நொடியில் நானும் பிரேக்கில்தான் கோளாறு என்று நினைத்தவன்.

மனைவியையும் மகளையும் இழந்த அந்தக் கணவர் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடர்ந்து பொதுவெளியில் பேசிவந்தார். அந்த 2019-ல் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் பேர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுவரை ஒரே ஆண்டில் அவ்வளவு பேர் கொடுத்ததில்லை. 2022 மே முதல், குறிப்பிட்ட விதிமீறல் செய்த 75 வயதுக்காரர்கள் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

இங்கே டென்மார்க்கின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். அங்கே 2006-ல் 70 வயதானவர்களுக்கு ஞாபகப் பரிசோதனை கொண்டுவந்தார்கள். பிறகு புள்ளிவிவரத்தை ஆராய்ந்தபோது, முதிய ஓட்டுநர்களின் விபத்து மரணம் குறையவில்லை என்று தெரிந்தது. அதேசமயம் நடந்தும் சைக்கிளிலும் போய் இறந்த முதியவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. காரை விட்டவர்கள் வீட்டிலேயே அடைந்து கிடக்கவில்லை, சாலையில் இறங்கி நடந்தார்கள்.

எல்லாப் பழியையும் வயதின் மேல் போடுவதும் நியாயமில்லை. புதிதாக ஓட்டும் இளைஞர்கள் செய்யும் விபத்துகள் எந்த நாட்டிலும் பெரிய தொகை. முதியவர்கள் பெரும்பாலும் வேகமாகப் போவதில்லை, குடித்துவிட்டு ஓட்டுவதும் குறைவு. விபத்தில் முதியவர் அதிகம் இறப்பதற்கு ஒரு காரணம், நம் எலும்பு தாங்காது என்பது. தவிர, கார் ஓட்டுவதை நிறுத்தியவர்கள் வெளியே போவது குறைந்து, தனிமையும் மனச்சோர்வும் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்ததில் எனக்குத் தெளிந்தது இதுதான். கடந்த நூறாண்டுகளாகச் சட்டம் “நீ தொடங்கலாமா?” என்று நன்றாகக் கேட்டிருக்கிறது. “நீ நிறுத்தலாமா?” என்று சரியாகக் கேட்க எந்த நாட்டுச் சட்டத்துக்கும் இன்னும் தெரியவில்லை. வயதை வைத்துக் கோடு போட்டால் நன்றாக ஓட்டுகிறவரும் மாட்டிக்கொள்வார். கோடு போடாவிட்டால் என் போன்றவர் தூணில் மோதும்வரை தெரியாது. ஆகவே அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிலை நம் வாயால் மட்டும் சொல்லிக்கொள்ளக் கூடாது. வங்கியில் வவுச்சரை எழுதியவரே பாஸ் செய்ய முடியாது, இரண்டாவது கையெழுத்து வேண்டும். இதற்கும் அப்படித்தான்.

ஓய்வூதியம் வாங்கும் நாம் ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கிறோம். உயிரோடு இருக்கிறோமா என்பதை ஆண்டுக்கு ஒரு முறை கேட்கிறார்கள். ஓட்டும் நிலையில் இருக்கிறோமா என்பதை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் கேட்கிறார்கள். அதே நவம்பரில் இதையும் நாமே சேர்த்துக்கொண்டால் என்ன? கண் டாக்டரிடம் இரவுப் பார்வை பற்றியும் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளில் தூக்கம் வரவழைப்பது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து அரைமணி நேரம் ஓட்டிக் காட்டுங்கள். “அப்பா, இரவில் வேண்டாம்” என்றால் கோபப்படாதீர்கள். அதுதான் இரண்டாவது கையெழுத்து. பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் பக்கத்து வீட்டு நண்பர் போதும்.

சங்கத்திடமும் மூன்று கோரிக்கைகள். ஒன்று, பின்னால் எடுக்கத் தேவையில்லாத பார்க்கிங் இடங்களை, உரியவர்கள் சம்மதித்தால், மூத்தவர்களுக்கு மாற்றித் தரலாம். இரண்டு, வாரம் இரண்டு நாள் ஒரு கார் அமர்த்தி, மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போகிறவர்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மூன்று, நம் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடைபாதையில் உடைந்த இடங்களுக்காக மாநகராட்சியில் ஒரு மனு கொடுக்க வேண்டும். டென்மார்க்கில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது.

கடைசியாக என் கணக்கு. தூண் சீரமைப்புக்கான தொகையைச் சங்கத்தின் கணக்கில் செலுத்திவிட்டேன். குறிப்பேட்டில் அந்த ‘அடையாளம் தெரியாத’ வண்டியைத் திருத்தி எழுதும்படி செயலாளரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். சைக்கிள் குழந்தையின் அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “சொன்னதுக்கு நன்றி அங்கிள்” என்றார். காவலாளித் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டபோது, “பரவாயில்ல சார், யாருக்கும் அடிபடல இல்ல” என்றார். எனக்காக வாங்கிய திட்டை அவர் ஒரு சொல்லில் தள்ளுபடி செய்துவிட்டார்.

என் மனைவியிடம் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முழுதும் கேட்டுவிட்டு, “சாவியை எங்கிட்ட குடுங்க” என்றாள். கொடுத்துவிட்டேன். அட்டையில் இன்னும் நாலே முக்கால் வருஷம் பாக்கி இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும்.